நாலு குண்டுமணி

பெண்கள் சிறை
9 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் இசைவாணி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அவர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா? சந்தியா எப்படி இருக்கிறாள்? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குழம்பில் உப்பே இருக்காது. நீங்கள் வைத்த குழம்பு என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறேன். கோபிக்காதீர்கள், சிரிப்பதற்குச் சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு தரம் போன் பேச விடுகிறார்கள். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. வயலில் இருப்பீர்கள். அதனால்தான் கடிதம். எழுதியதை இங்கே ஒரு அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆகையால் பங்காளி பச்சமுத்து செத்த அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. சாமி மாடத்துக்கு முன்னால் கற்பூரத்தில் அடித்து உங்களுக்குச் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. குழந்தை அப்பா கண்ணெதிரில் வளர்கிறாள், எனக்கு அது போதும்.

இங்கே மணி கோக்கச் சொல்லித் தருகிறார்கள். நைலான் நரம்பில் மணியைக் கோத்துக் கிளி, பிள்ளையார், வாசல் தோரணம் எல்லாம் செய்கிறோம். நம் வீட்டு வாசல் மொட்டையாக இருக்கிறது என்று எத்தனை தரம் குறைப்பட்டிருப்பீர்கள். நடுவில் மகாலட்சுமி, இரண்டு பக்கமும் ஆனை வைத்து ஒரு தோரணம் கோக்கப் போகிறேன். ஒரு மணிக்கு ஒரு தரம் 'தாயே' என்று சொல்லிக் கோக்கிறேன். தோரணம் முடியும்போது என்னையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

ஒன்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கண் வைக்க மாட்டேன். எங்கள் மலையில், வீட்டுக்கென்று சாமி செய்தால் கண்ணை மட்டும் விட்டுவிடுவோம். அந்த வீட்டில் விளக்கேற்றுகிற பெண்தான் குண்டுமணி வைத்துக் கண் திறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாமி வீட்டைப் பார்க்கத் தொடங்கும், அவளைத்தான் வீட்டுக்காரி என்று எடுத்துக்கொள்ளும். போன சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்கு நான் வைத்தேனே, சந்தியா ஒவ்வொரு மணியாக எடுத்துக் கொடுத்தாளே. அப்பா கல்வராயன் மலையிலிருந்து பொறுக்கி வந்த குண்டுமணி சாமி மாடத்தில் மஞ்சள் டப்பாவில் இருக்கிறது. இங்கே அதை உள்ளே விட மாட்டார்கள், விஷம். அதனால் அம்மனுக்கு இரண்டு, ஆனைக்கு ஒவ்வொன்று, ஆக நாலு கண்ணுக்கு இடம் விட்டுக் கோக்கிறேன். வந்து நானே வைக்கிறேன். டப்பா குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அவரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சந்தியாவுக்கு என் முத்தம்.

உங்கள்
இசைவாணி


மணலூர்பேட்டை
2 ஜூலை 2024

மருமகள் இசைவாணிக்குத் தங்கமணி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கே உனக்கும் அந்த மகாலட்சுமி குறை வைக்காமல் இருக்கட்டும்.

கடிதம் வந்தது. தபால்காரர் தெருவில் நின்று சத்தமாக "ஜெயில்ல இருந்து வந்திருக்குது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கீழே பார்க்கத்தான் முடிந்தது. இனிமேல் உறையின் மேல் சிறை முத்திரை தெரியாமல் அனுப்ப வழி உண்டா என்று கேட்டுப் பார்.

தோரணம் செய்வது நல்ல காரியம். நம் நிலைவாசல் உள்ளளவு மூன்றரை அடி. அளவு தவறினால் தொங்கி வழியும். மலையில் நீங்கள் எப்படியோ, கீழே எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. குளிக்காமல் மணியைத் தொடாதே. விலக்கான நாட்களில் அந்தப் பக்கமே போகாதே. உன்னோடு இருக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, அவர்கள் கை படக்கூடாது. கும்பம் இரண்டு சேர்த்துக்கொள். சுப காரியத்துக்குக் கும்பம்தான் லட்சணம்.

சந்தியா முதலில் அழுதாள். இப்போது உன்னைக் கேட்பதில்லை. அதை அங்கே கூட்டிவருவது நடக்காது, அந்த இடத்துக் காற்று பிள்ளைக்கு ஆகாது. அய்யப்பன் கரும்பு வேலையில் இருக்கிறான். எழுத அவனுக்கு ஏது நேரம்?

சத்தியத்தைப் பற்றி நீ எழுதியது போதும். திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

தங்கமணி


பெண்கள் சிறை
20 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்கும் அவருக்கும் உடம்பு எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனை இரண்டும் முடிந்துவிட்டன. இடப்பக்கத்து ஆனைக்கு வயிறு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. என்னோடு மணி கோக்கும் விஜயலட்சுமி பார்த்துவிட்டு, "இன்னாடி, உன் ஆனை மாசமா இருக்குதா" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். பிரித்துத் திரும்பக் கோத்துவிட்டேன். குளித்துவிட்டுத்தான் தொடுகிறேன். நீங்கள் சொன்ன நாட்களில் தொடுவதில்லை. அந்த நாலு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சிரமமாக இருக்கிறது, இருந்தாலும் இருக்கிறேன்.

கீழே 'நல்வரவு' என்று எழுத்து வைத்திருக்கிறேன். அதற்கும் கீழே பச்சை மணியில் சின்னதாக 'சந்தியா' என்று பெயர். குழந்தை பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படிக்கிறாளே. வாசலில் நின்று தன் பெயரைத் தானே படிப்பாள். எனக்கு அது ஒரு ஆசை. அவளுக்கு என் நினைப்பு இல்லை என்றால் இல்லாமல் போகட்டும், பெயராவது நான் வைத்ததாக இருக்கட்டும்.

ஜாமீன் மனு என்ன ஆயிற்று? வக்கீல் ஒரே ஒரு தரம் வந்தார். இங்கே எனக்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். பெண் என்றால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான் போல, அவர்கள் விஷயத்தில்.

அப்பா அம்மாசி போன வாரம் மலையிலிருந்து இறங்கிவந்து பார்த்தார். சாமை மாவு கொண்டுவந்தார், உள்ளே விடவில்லை. வாசல் காவல்காரருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம்.

உங்கள்
இசைவாணி


மணலூர்பேட்டை
27 செப்டம்பர் 2024

மருமகள் இசைவாணிக்குத் தங்கமணி எழுதுவது. எல்லோரும் நலம். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் வீட்டில் ஓயாத வேலை, பதில் எழுதத் தாமதம்.

ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீல் சொன்னார். மேலே போட்டுப் பார்க்கலாம், அவசரப்படாதே. உனக்கு அங்கே சோறும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. வெயிலில் கரும்புக்கு மண் அணைப்பவர்களை நினைத்துப் பார்.

தோரணத்தில் பெயரெல்லாம் வேண்டாம். சாமி காலடியில் மனுஷப் பெயர் இருக்கலாமா? அறுத்துவிடு. 'நல்வரவு' மட்டும் போதும். பெயர் இருந்த இடம் காலியாகத் தெரியக்கூடாது, அங்கே தாமரை மொக்கு வை. மஞ்சளும் சிவப்பும் தூக்கலாக இருக்கட்டும். தை பிறப்பதற்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும். வாங்கிவர உன் கொழுந்தன் சரத்தை அனுப்புகிறேன்.

சந்தியா உன் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அடம் பிடித்தாள். அதனால் போட்டோவைப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது சரியாகச் சாப்பிடுகிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

தங்கமணி


பெண்கள் சிறை
13 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு இசைவாணி வணக்கம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

பெயரை அறுத்துவிட்டேன். ஒரு நரம்பில் கோத்தது என்பதால் ஒரு எழுத்தைத் தனியாக எடுக்க வராது. அறுத்தால் மொத்தமும் கொட்டும். பாயில் கொட்டிய பச்சை மணியைப் பொறுக்கி முடிக்க ஒரு பகல் ஆயிற்று. அதே மணியில் தாமரை மொக்கு வைத்திருக்கிறேன். பச்சையில் மொக்கா என்று கேட்பீர்கள். வெளியிதழ் பச்சைதானே. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மனு தள்ளுபடி என்று படித்ததும் இரண்டு நாள் மணியைத் தொடவில்லை. அம்மன் மேல் கோபம். மூன்றாம் நாள் பார்த்தால், கண்ணில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாவம், நான் போய்த் திறந்தால்தானே அவளுக்கு எதுவும் தெரியும் என்று நினைத்துத் திரும்பக் கோக்க உட்கார்ந்தேன்.

தைக்கு முன்னால் என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்குள் நான் வந்துவிட வழி இருக்கிறதா? உள்ளதைச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார்? ஒரு வரி, அது போதும். 'நல்லா இருக்கிறேன்' என்று எழுதினால் கூடப் போதும்.

உங்கள்
இசைவாணி


மணலூர்பேட்டை
30 நவம்பர் 2024

இசைவாணிக்கு. நலம். டிசம்பர் பத்தாம் தேதி சரத்குமார் வருவான். தோரணத்தை மடிக்காமல் அட்டையில் வைத்துக் கொடு. கண் இடத்தைக் கறுப்பு மணி வைத்து அடைத்துவிடு, பார்க்க நன்றாக இல்லை என்று நாலு பேர் சொல்லக்கூடாது.

தங்கமணி


பெண்கள் சிறை
11 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு இசைவாணி வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பனி ஜாஸ்தியாக இருக்கிறது.

நேற்று சரத் தம்பியிடம் தோரணத்தைக் கொடுத்துவிட்டேன். கண் இடத்தை அடைக்கவில்லை. நீங்கள் சொல்லி நான் கேட்காத ஒரே விஷயம் இதுதான், மன்னித்துவிடுங்கள். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணன் நல்லா கீறாரா?" என்று கேட்டேன். "ம்" என்றான். "சந்தியா?" என்றேன். "ம்." "இன்னாடா, ஊமையாயிட்டியா?" என்று கேட்டதற்கு, "வூட்டுக்குப் பெயின்ட் அடிச்சிக்கினு கீறோம் அண்ணி, வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு நேரம் முடிவதற்குள் போய்விட்டான். கையில் பெயின்ட் கறை பார்த்தேன். மாம்பழ மஞ்சள். எனக்குப் பிடித்த நிறம். யார் தேர்ந்தெடுத்தது?

வீட்டுக்கு வர்ணம், வாசலுக்குத் தோரணம், தை மாசம். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று தெரிகிறது அத்தை. என்னை ஜாமீனில் எடுத்துத் திடீரென்று கூட்டிப்போய் நிறுத்தப் போகிறீர்கள். நான் தெரியாத மாதிரியே இருக்கிறேன். விஜயலட்சுமியிடம் என் இரண்டு சேலையையும் கொடுத்துவிட்டேன், போகும்போது எதற்கு என்று.

மஞ்சள் டப்பாவில் பெரிய மணியாக நாலு பார்த்துத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள் சந்தியாவை. இல்லை, வேண்டாம். அவள் கையில் கொடுக்காதீர்கள். நானே வந்து பொறுக்கிக்கொள்கிறேன்.

உங்கள்
இசைவாணி


மணலூர்பேட்டை
16 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. செல்வி என்று கூப்பிடுவார்கள். சொந்த ஊர் சின்னசேலம். தை இருபத்திரண்டாம் தேதி எனக்கும் அவருக்கும் கோயிலில் வைத்துக் கல்யாணம் ஆயிற்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தைக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன், உங்கள் பழைய கடித உறையில் முகவரி இருந்தது.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன் அக்கா. முதல் தாரம் இருக்கும்போது எப்படிப் பெண் கொடுப்பது என்று எங்கள் அப்பா பிடிவாதமாக இருந்தார். அத்தை உங்கள் தோரணத்தை எடுத்து வந்து காட்டினார். "அதுக்கே முழு சம்மதம். தான் வர முடியாதுன்னு கல்யாணத்துக்குத் தன் கையால கோத்து அனுப்பிக்கீது பாருங்க" என்று சொன்னார். அந்த வேலைப்பாட்டைப் பார்த்த பிறகுதான் அப்பா சரி என்றார். இப்படிப் பெரிய மனசு யாருக்கு வரும்?

நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்ததும், அத்தை மஞ்சள் டப்பாவைக் கொடுத்துக் கண் வைக்கச் சொன்னார். விளக்கேற்றுகிறவள்தான் வைக்க வேண்டுமாம். நாலையும் பசை போட்டு ஒட்டினேன். அம்மன் அப்படியே உயிர் வந்த மாதிரி இருக்கிறாள். எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே வாங்கியது என்று.

புரட்டாசியிலேயே ஜாமீன் கிடைத்தும், வெளியே வந்தால் செத்தவர் வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள் என்று நீங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள் என அவர் சொன்னார். கையெழுத்துப் போட இரண்டு பேர் போனால் போதுமாம். பயப்படாதீர்கள் அக்கா. நீங்கள் சரி என்றால் எங்கள் அப்பாவை விட்டுப் பேசச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். சந்தியா என்னிடம் ஒட்டவில்லை. 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லி அத்தை அடிக்கிறார், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தோரணத்துக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும்? எழுதினால் செய்து கொடுப்பேன். பதிலை எங்கள் அம்மா வீட்டு முகவரிக்குப் போடுங்கள், பின்னால் எழுதியிருக்கிறேன்.

அன்புத் தங்கை
செல்வி


பெண்கள் சிறை
3 மார்ச் 2025

தங்கமணி அம்மாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நான் சுகமாக இல்லை.

கல்யாணம் நடந்தது தெரியும். இங்கே இலவசமாக வாதாட வரும் வக்கீல் அம்மாவை விட்டு விசாரித்தேன். ஜாமீன் உத்தரவு செப்டம்பர் பதினெட்டாம் தேதியே வந்திருக்கிறது. கையெழுத்துப் போட ஒருத்தரும் போகவில்லை. தள்ளுபடி என்று நீங்கள் எனக்கு எழுதியது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அதே கடிதத்தில்தான் என் மகள் பெயரையும் அறுக்கச் சொன்னீர்கள். நானும் அறுத்தேன். மற்றதெல்லாம் கூட எப்படியோ ஆறிவிடும் போல இருக்கிறது, அது மட்டும் ஆறவே இல்லை. வேறொருத்தியின் கல்யாண வாசலுக்காக என் பிள்ளையின் பெயரை என் கையாலேயே அறுக்க வைத்தீர்கள்.

பச்சமுத்து செத்த அன்று சாயங்காலம் சாமி மாடத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்துக் கொடுத்த வார்த்தை ஞாபகம் இருக்கிறதா? "இந்த வூட்டுக்கு வெளக்கேத்துறவ நானு. இந்த வூட்டு ஆம்பளைக்கு வர்ற பழி என்னுது." கற்பூரத்தில் அடித்துச் சொன்னேன். பத்து மாசம் காப்பாற்றினேன். இப்போது அந்த வீட்டில் விளக்கேற்றுவது நான் இல்லை. கண் திறந்ததும் என் கை இல்லை. அம்மன் வேறொருத்தியை வீட்டுக்காரி என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். நீங்கள் கட்டிய சத்தியம் உங்கள் கையாலேயே அவிழ்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தலையில் அதை ஏற்றப் பார்க்காதீர்கள். அது யாருடையதோ அவனிடமே போகட்டும்.

இதைப் படித்துப் பார்க்கும் அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் படிப்பீர்கள் என்றுதான் இதில் எழுதுகிறேன். வாய்க்கால் மடையைத் திருப்பிய தகராறில் பச்சமுத்துவை மண்வெட்டிக் காம்பால் அடித்தது என் கணவர் அய்யப்பன். நான் அப்போது கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "பொம்பளன்னா ஆறு மாசத்துல வுட்டுடுவாங்க. அவன் உள்ள போனா கரும்பும் போச்சு, கொழந்தயும் தெருவுல நிக்கும்" என்று சொல்லி என்னை அனுப்பியது என் மாமியார். ரத்தம் பட்ட சட்டையை மோட்டார் கொட்டகைப் பரணில் சொருகியதும் அவர்தான். இருபத்து நாலாம் தேதி வாய்தாவில் நீதிபதியிடமும் இதையே சொல்வேன்.

என் பிள்ளையை 'அம்மா' என்று சொல்லச் சொல்லி அடிக்காதீர்கள்.

இசைவாணி


மணலூர்பேட்டை
14 மார்ச் 2025

மருமகள் இசைவாணிக்கு அத்தை தங்கமணி ஆசீர்வாதம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே போலீஸ் வந்துவிட்டது. பரணிலிருந்து சட்டையை எடுத்துப் போய்விட்டார்கள். அய்யப்பனை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இருபத்து நாலாம் தேதி நீ சொல்வதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு என்கிறார்கள். சட்டை ஒரு சாட்சியா? பழைய சட்டை, எதுவும் பட்டிருக்கலாம். உன் வாயில்தான் எல்லாம் இருக்கிறது.

நீ எழுதியது நியாயம்தான். கண்ணை அவளை வைக்கச் சொன்னது என் தப்பு. அதனால் நாலையும் ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டேன். இனி அம்மனுக்குக் கண் இல்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை, யாரையும் வீட்டுக்காரி என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீயே வந்து வை. உன் சத்தியம் உன்னிடமே திரும்பிவிட்டது, அதை நீ மீறினால் அம்மன் உன்னைத்தான் கேட்பாள். செல்வியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அது ஒரு பெரிய விஷயமா?

எடுத்ததில் மூன்று மணிதான் கையில் இருக்கிறது. நாலாவது எங்கே போனதென்று தெரியவில்லை. நான் நெம்பும்போது சந்தியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து வாந்தி எடுக்கிறாள். வெயிலாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆம்பளை வேண்டும், அய்யப்பனை நீ இப்படி அலையவிட்டிருக்கும்போது யார் போவது? யோசித்துச் சொல். பெற்றவள் நீ.

தங்கமணி


பெண்கள் சிறை
19 மார்ச் 2025

செல்விக்கு,

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் சம்மதம் சொன்னதும் இல்லை, தோரணம் உன் கல்யாணத்துக்குக் கோத்ததும் இல்லை. அதை அப்புறம் பேசலாம்.

தங்கமணியம்மாவின் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. எழுதி ஐந்து நாள் ஆகிறது. ஒரு குண்டுமணி காணோம், குழந்தை வாந்தி எடுக்கிறாள் என்று இருக்கிறது. முழுசாக விழுங்கியிருந்தால் வெளியே வந்துவிடும். கடித்திருந்தால் உயிர் போகும். எங்கள் மலையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சூப்பிரண்ட் அம்மா மூன்று தரம் போன் போட்டார், உங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. போலீஸை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நீ எங்கே இருந்தாலும் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போ. உன் காலில் விழுகிறேன்.

இருபத்து நாலாம் தேதிக்குள் உன் பதில் வராது. பிள்ளையை வைத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார் அந்த அம்மா. இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலேதான் அன்றைக்கு நான் வாயைத் திறக்க வேண்டும். திறப்பேன்.

இசைவாணி


சின்னசேலம்
27 மார்ச் 2025

அக்காவுக்குச் செல்வி எழுதுவது.

முதலில் இதைப் படியுங்கள்: சந்தியா உயிரோடு இருக்கிறாள். மணியை விழுங்கவில்லை.

உங்கள் கடிதம் இங்கே எங்கள் அம்மா வீட்டில் காத்துக்கொண்டிருந்தது, நான் நேற்றுத்தான் வந்தேன். இருபத்து நாலாம் தேதி நீங்கள் சொன்னதற்கு மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியில் ஏறும்போது அவர் அத்தையைத்தான் திட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாந்தி தானாக வந்ததில்லை அக்கா. நாலாவது மணி வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்று அத்தை பிள்ளையின் வாயில் விரலை விட்டு விட்டு வாந்தி எடுக்க வைத்தார், இரண்டு நாள். "தொறந்த அந்த நாலும் இருந்தாத்தான் அவ திரும்ப வந்து வெக்க முடியும்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். நான் தடுத்தேன். என்னைத் தள்ளிவிட்டார். போலீஸ் வந்து பார்த்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். உண்மையில் காய்ச்சலும் வந்துவிட்டிருந்தது. நான்தான் பக்கத்து வீட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது சோறு இறங்குகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கம்தான் நியாயம் என்று தெரியும், தெரிந்தும் கோபம். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. இந்த வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் அப்பாவும் மலையிலிருந்து இன்னொருத்தரும் கையெழுத்துப் போடக் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ. வரும்போது நேராக மணலூர்பேட்டைக்குப் போங்கள். சந்தியா அங்கேதான் இருக்கிறாள், அத்தையோடு. நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. "எங்கம்மா இங்கதான வரும்" என்று சொல்லிவிட்டு நிலைவாசலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அத்தையும் விடவில்லை.

அவரைக் கூட்டிப்போனதும் அத்தை அந்த மூன்று மணியையும் மஞ்சள் டப்பாவோடு அடுப்பில் போட்டுவிட்டார். நாலாவது சந்தியாவின் பென்சில் டப்பாவில், ரப்பருக்கு அடியில் இருந்தது. நான் துணி எடுத்து வைக்கும்போது அவளே காட்டினாள். அத்தனை அடிக்கும் அதைச் சொல்லவில்லை பாருங்கள். "ஆயாகிட்ட சொல்லாத. எங்கம்மா வந்து வெக்கும், நான் எடுத்துக் குடுப்பேன்" என்றாள்.

நான் வண்டி ஏறும்போது பின்னாலேயே ஓடிவந்து ஒன்று கேட்டாள். அதை அப்படியே உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

"ஒத்தக் கண்ணு மட்டும் வெச்சா சாமி பாக்குமா?"

செல்வி